12 சனிக்கிழமைகள்: குழந்தைகள், குடும்பப் பணிக்கான ஒரு கிறிஸ்தவப் பயிற்சி வகுப்பைக் குறித்து

திருநெல்வேலியில் திருச்சபை சார்ந்த ஒரு மையம், குழந்தைகளோடும் குடும்பங்களோடும் பணிபுரிகிறவர்களுக்காகத் தொழில்முறை மதிப்பீடுகளையும் கிறிஸ்தவப் பார்வையையும் சேர்த்துக் கற்பிக்கும் சான்றிதழ் வகுப்பு ஒன்றை நடத்துகிறது. கடந்த ஆண்டு அதில் சேர்ந்து 12 சனிக்கிழமைகளும் தவறாமல் போய்வந்தேன். தென்காசிப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் 11 ஆண்டுகளாகக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். ஞாயிறு பள்ளியிலும் பாடம் எடுக்கிறேன். இரண்டு வேலைகளையும் ஒரே மனத்தோடு செய்ய முடியுமா என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக இருந்ததால்தான் சேர்ந்தேன். நிறையோடு குறையும் எழுதவேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே போன்ற வகுப்பை வேறு ஊரில் தேடுகிறவர்களுக்கும் எதை விசாரித்துவிட்டுச் சேர வேண்டும் என்பது இதிலிருந்து புரியக்கூடும்.

கட்டணம் 4,500 ரூபாய். மதியச் சாப்பாடும் கையேடும் அதில் அடக்கம். காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடிப்பார்கள். நாங்கள் 26 பேர் இருந்தோம். பாதிப் பேர் இல்லங்களிலும் போர்டிங்குகளிலும் வேலை செய்கிறவர்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள். இவர்களோடு இரண்டு கத்தோலிக்கச் சகோதரிகளும், ஒரு பள்ளி ஆற்றுப்படுத்துநரும், தொண்டு நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் ஓர் இந்துப் பெண்மணியும் இருந்தார்கள். மின்விசிறி இரண்டில் ஒன்று ஓடாது என்பதைத் தவிர வசதிகளில் சொல்லும்படியான குறை இல்லை.

முதல் நாளே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஃபீலிக்ஸ் பீஸ்டெக் பற்றிய பாடம். சமூகப் பணி படித்த எவரும் அவர் 1957ஆம் ஆண்டில் வகுத்துத் தந்த ஏழு நெறிகளை மனப்பாடமாகச் சொல்வார்கள்: ஒவ்வொருவரையும் தனி மனிதராகக் காணுதல், உணர்வுகளை வெளியிட இடந்தருதல், அளவறிந்த உணர்வு ஈடுபாடு, ஏற்றுக்கொள்ளுதல், தீர்ப்பிடாமை, தன்முடிவுரிமை, இரகசியம் காத்தல். அவர் சிகாகோவில் பேராசிரியராக இருந்த இயேசு சபைத் துறவி என்பது மட்டும் எங்களில் பலருக்குத் தெரியாது. தொழில் நெறி என்பது அரசாங்கமும் வெளிநாட்டு நிறுவனங்களும் நம் ஊழியத்தின்மேல் சுமத்திய காகித வேலை என்று இல்ல நிர்வாகக் கூட்டங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். அந்த நெறிகளை எழுதிய கையே திருப்பலி நிறைவேற்றிய கை என்று பயிற்றுநர் சொன்னபோது, அந்தப் பேச்சுக்கு இனி என்னால் தலையாட்ட முடியாது என்று தோன்றியது.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு அந்த இந்துப் பெண்மணி எழுந்து, இவற்றில் எது கிறிஸ்தவம், எது தொழில் என்று தனித்தனியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். வகுப்பில் ஒரு நொடி அமைதி. சில பயிற்றுநர்கள் அங்கே ஒரு வசனத்தைச் சொல்லிக் கடந்திருப்பார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. இந்த ஏழையும் நீங்களும் நானும் ஒரே மாதிரி கடைப்பிடிக்க முடியும், கடைப்பிடிக்கவும் வேண்டும் என்றார். எதற்காகக் கடைப்பிடிக்கிறோம் என்று ஒருவர் தமக்குள் சொல்லிக்கொள்ளும் காரணத்தில்தான் நம்பிக்கை இருக்கிறது என்றார். அந்தக் காரணத்தைக் குழந்தையின் தலையில் ஏற்றிவைக்க நமக்கு உரிமை இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். முழு வகுப்புக்கும் இந்தப் பதிலே அளவுகோலாக இருந்திருக்க வேண்டும். சில வாரங்களில் இருந்தது, சில வாரங்களில் இல்லை.

மூன்றாம் வாரத்தை என்னால் மறக்க முடியாது. தன்முடிவுரிமையைப் பற்றிய பாடம். விரிவுரை இல்லாமல் ஒரு சிறு நடிப்போடு தொடங்கினார்கள். 14 வயதுப் பெண் ஒருத்தி மாலை ஜெபத்துக்கு வர மறுக்கிறாள். நாங்கள் ஒவ்வொருவராக வார்டன் இடத்தில் நின்று அவளிடம் பேச வேண்டும். ஒருவர் அன்பாகக் கெஞ்சினார், இன்னொருவர் விதியைச் சொன்னார், நான் சாமுவேல் சிறுவனாக இருந்த கதையைச் சொன்னேன். ஐந்தாவது ஆளோடு நிறுத்திவிட்டு, ஏன் வரவில்லை என்று அவளிடம் எத்தனை பேர் கேட்டீர்கள் என்றார் பயிற்றுநர். ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணாக நடித்தவரிடம் கொடுத்திருந்த அட்டையை வாசிக்கச் சொன்னார்: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அவளுடைய அம்மாவுக்கு அந்த அரை மணி நேரம்தான் ஓய்வு, அலுவலக அறைத் தொலைபேசிக்கு அவர் கூப்பிடும் நேரமும் அதுதான்.

அதன் பிறகுதான் சட்டத்துக்கு வந்தார்கள். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிலையத்தில் எவரையும் அவருடைய சம்மதமின்றி, சிறுவராயின் பாதுகாவலரின் சம்மதமின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெறச் செய்யக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவு. இந்தியா 1992ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையோ, 14ஆம் பிரிவில் குழந்தையின் மனச்சான்றுக்கும் சமயத்துக்குமான சுதந்திரத்தைக் குழந்தைக்கே உரியதாகச் சொல்கிறது. பெற்றோருக்கு அதில் வழிகாட்டும் பொறுப்பு உண்டு. வார்டனைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. சட்டத்தை முதலில் சொல்லியிருந்தால் எங்களில் பலர் எதிர்வாதம் செய்திருப்போம். அட்டைக்குப் பிறகு வந்ததால் வாய் திறக்கவில்லை.

கோப்பு எழுதும் பயிற்சிக்கு இரண்டு வாரங்களை ஒதுக்கியிருந்தார்கள். இது பயனுள்ள முடிவு. இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுதியாக வேண்டும், குழந்தைகள் நலக் குழு கேட்கும்போது காட்டவும் வேண்டும். எங்களில் சிலர் பெயர்களை மறைத்துவிட்டுக் கொண்டுவந்திருந்த மாதிரிப் பக்கங்களைப் பலகையில் எழுதிப் பார்த்தோம். 'தேவன் இந்தப் பிள்ளையை இருளிலிருந்து மீட்டு எங்கள் இல்லத்துக்குக் கொண்டுவந்தார்' என்று ஒரு கோப்பு தொடங்கியது. இந்த வாக்கியம் உங்களைப் பற்றிச் சொல்கிறது, குழந்தையைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்றார் பயிற்றுநர். யார் அழைத்து வந்தார், எந்தத் தேதியில், வரும்போது உடம்பில் காயம் இருந்ததா, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, குழந்தை தன் வாயால் சொன்னது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். 'அந்த இருள் அவளுடைய வீடு. அங்கே அவளுடைய தம்பி இருக்கிறான்' என்று கடைசியில் சொன்னார். நான் எழுதிய பழைய கோப்புகளில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் எத்தனை என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுதப்போவதில்லை.

அதே வகுப்பின் தொடர்ச்சியாக ஜெபக்கடிதங்களைப் பற்றிப் பேசினார்கள். இல்லம் நடத்துகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்: ஆதரவாளர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடிதம் போகும், அதில் குழந்தையின் படமும் பெயரும், தகப்பன் குடித்த கதையும், தாய் விட்டுப்போன கதையும் இருக்கும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். செய்தித்தாளுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று பலரும் எண்ணிக்கொண்டிருந்தோம். எந்த வகைத் தகவல் தொடர்புக்கும் பொருந்தும் என்று சட்ட வாசகத்தைப் படித்துக் காட்டினார்கள். ஆண்டு விழா மேடையில் குழந்தைகளை நிறுத்தித் தங்கள் வாழ்க்கைக் கதையைச் சாட்சியாகச் சொல்ல வைப்பதையும் இதனோடு சேர்த்துப் பேசியிருக்க வேண்டும். கேட்டபோது, அது சபையின் வழக்கம் என்று ஒரு சிரிப்போடு கடந்துவிட்டார்கள். கடிதத்துக்கு ஒரு நியாயம், மேடைக்கு இன்னொரு நியாயமா என்று எனக்குப் புரியவில்லை.

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளில் மிகவும் ஆழமாகப் பேசப்பட்டது விக்டோரியா கிளிம்பியின் வழக்கு. ஐவரி கோஸ்ட்டிலிருந்து உறவுக்காரப் பெண்மணியோடு வந்து லண்டனில் வாழ்ந்த அந்த எட்டு வயதுச் சிறுமி 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் இறந்தபோது, உடலில் 128 காயங்கள் இருந்தன. மருத்துவமனைகளும் சமூகப் பணித் துறைகளும் காவல் துறையும் அவளைப் பார்த்திருந்தன. தேவாலயங்களும் பார்த்திருந்தன, அவளுக்குள் பொல்லாத ஆவி இருக்கிறது என்று அங்கே நம்பி ஜெபித்தார்கள். 2003ஆம் ஆண்டு வெளிவந்த லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 108 பரிந்துரைகளைச் செய்தது. அந்த அறிக்கையில் உள்ள ஒரு சிறு செய்தியைப் பயிற்றுநர் எடுத்துக்காட்டினார்: வீட்டுப் பெரியவர் முன்னால் அவள் விறைத்து நின்றதைப் பயம் என்று எடுத்துக்கொள்ளாமல், அவளுடைய பண்பாட்டில் குழந்தைகள் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த எங்களில் எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பெரியவர் உள்ளே வந்தால் எழுந்து கைகட்டி நிற்கும் பிள்ளையை, நல்லா வளர்த்திருக்காங்க என்று எத்தனை முறை நாங்களே பாராட்டியிருக்கிறோம். தொழில்முறையில் தேர்ந்தவர்களும் விசுவாசிகளும் ஒரே குழந்தையின் முன்னால் ஒரே நேரத்தில் தவறினார்கள் என்பதால், இந்த வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது.

பிள்ளைகளை அடிக்கலாமா என்ற, பிரம்பைப் பற்றிய பாடத்தில் இந்த ஆழம் இல்லை. வேதாகமத்தின் நீதிமொழிகளில் வரும் பிரம்பு மேய்ப்பனின் கோலைக் குறிக்கிறது, அடிப்பதை அன்று என்று ஒரு வழக்கமான விளக்கத்தைச் சொல்லி முடித்தார்கள்; எனக்கு அது அவ்வளவு நம்பத்தகுந்ததாகப் படவில்லை. அதைவிட, இல்லத்தில் ஒழுங்குபடுத்துவதற்காகக் குழந்தையை அடிக்கும் பணியாளருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், மறுமுறை மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு என்று நேராகச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருக்கும்படி எபேசியர் நிருபம் தகப்பன்மாருக்குச் சொல்வதை எடுத்திருந்தால் போதும்.

கையேட்டின் தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பெயர்த்திருக்கிறார்கள். குடும்பத்துக்குள் சென்று உதவுவதை அது 'தலையீடு' என்கிறது. எங்கள் ஊரில் தலையிடுகிறவர் என்றால் வம்புக்கு வருகிறவர் என்று பொருள். உதவி நாடி வரும் தாயை 'வாடிக்கையாளர்' என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் மளிகைக் கடைதான் நினைவுக்கு வந்தது. வாயால் நல்ல தமிழ் பேசும் பயிற்றுநர்கள் இருக்கும்போது அவர்களையே எழுதச் சொல்லியிருக்கலாம்.

தலைப்பில் குடும்பம் இருந்தாலும், 12 வாரங்களில் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை. இதுவே என் பெரிய வருத்தங்களில் ஒன்று. இளைஞர் நீதிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அடுக்கிச் சொல்லும் 16 பொதுக் கொள்கைகளில், குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. எங்கள் இல்லத்திலுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் அம்மாக்கள், வருமானம் போதாமல் ஜூன் மாதத்தில் பெட்டியோடு கொண்டுவந்து விடுகிறார்கள். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின்கீழ், வீட்டிலேயே வைத்து வளர்க்கத் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை கிடைக்க வழி இருக்கிறது. அதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எப்படி விண்ணப்பிப்பது, எந்தச் சான்றிதழ்களை வாங்குவது என்பதை அரை மணி நேரத்தில் ஓட்டிவிட்டார்கள். ஆதரவாளர்கள் கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் தருகிறார்கள், பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் தாய்க்குத் தருவதில்லை. கட்டில் காலியானால் இல்லத்தின் வரவு குறையும். இந்தக் கணக்கைத் திறந்து பேசக்கூடிய இடம் இந்த வகுப்பு மட்டுமே, அங்கேயும் பேசவில்லை.

அந்த ஒரு சனிக்கிழமையில் டோனாவூரைப் பற்றி வந்த பேச்சு மட்டும் நன்றாக இருந்தது. கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளுக்காக மிஷனரி எமி கார்மைக்கேல் 1901ஆம் ஆண்டு முதல் அங்கே செய்த பணியை இந்தப் பகுதிக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா, அக்காள், சித்தி, அண்ணாச்சி என்று அங்கே பணியாளர்களுக்கு வழங்கிய உறவுப் பெயர்களைப் பற்றித்தான் பயிற்றுநர் கேட்டார். வீடே இல்லாத குழந்தைக்கு அந்தப் பெயர்கள் ஒரு வீட்டைக் கொடுத்தன. தாய் உயிரோடு இருக்கும் குழந்தை நம்மை அம்மா என்று அழைக்கும்போது யாருடைய இடத்தில் நாம் உட்காருகிறோம் என்றார். கத்தோலிக்கச் சகோதரிகளில் மூத்தவர், தங்கள் இல்லத்தில் சிஸ்டர் என்று மட்டுமே அழைக்கப் பழக்கியிருப்பதாகவும், அதனால் பிள்ளைகள் தள்ளி நிற்பதாகவும் சொன்னார். முடிவு எட்டவில்லை. பீஸ்டெக் சொன்ன அளவறிந்த ஈடுபாட்டை ஏட்டில் படிப்பது எளிது, ராத்திரி காய்ச்சலில் பிள்ளை அம்மா என்று முனகும்போது அளவை எங்கே வைப்பது என்று ஆற்றுப்படுத்துநர் சொன்னதோடு மதிய மணி அடித்தது.

ஒன்பதாம் சனிக்கிழமைக்கு வருகிறேன். சபைக்குள் குழந்தைப் பாதுகாப்பு என்பது பாடம். அன்று வழக்கமான பயிற்றுநருக்குப் பதிலாக, திருச்சபையில் நெடுங்காலம் பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். 40 நிமிடம் பேசினார். குழந்தைக்கு எதிராக ஏதேனும் நடந்ததாகத் தெரிந்தால் முதலில் சேகர குருவானவரிடம் சொல்ல வேண்டும், கமிட்டியில் வைத்து விசாரிக்க வேண்டும், சபையின் பெயர் வீதிக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மன்னிப்பின் மாண்பை மறக்கக்கூடாது என்பது அவர் பேச்சின் சாரம். பள்ளி ஆற்றுப்படுத்துநர் எழுந்து, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தைக் குறிப்பிட்டார். சட்டம் தம் வழியில் போகட்டும், நாம் ஜெபவழியில் போவோம் என்று பதில் வந்தது. சிலர் ஆமென் என்றார்கள்.

இது வெறும் கருத்து வேறுபாடு இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவில், குற்றம் நடந்தது என்று அறிந்த எந்த நபரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. குருவானவருக்கோ மூப்பருக்கோ அங்கே விலக்கு எழுதப்படவில்லை. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை. தமக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓர் ஆண்டு வரை. எங்களைப் போன்ற 26 பேரை உட்கார வைத்து, சட்டத்துக்கு மாறான அறிவுரையை மேடையிலிருந்து சொல்ல விட்டது இந்த வகுப்பு செய்த மிகப் பெரிய தவறு. மன்னிப்பு என்பது காயப்பட்டவர் தரவேண்டியது. காயப்பட்ட குழந்தையின் சார்பில் கமிட்டி அதைத் தந்துவிட முடியாது. சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவதாக மத்தேயு 18ஆம் அதிகாரம் பேசுகிறது. அந்த அதிகாரத்தை அன்று ஒருவரும் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வழக்கமான பயிற்றுநர் வந்ததும் வேறு எதுவும் சொல்லாமல் 19ஆம் பிரிவை முழுவதுமாக வாசித்து, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பலகையில் எழுதி, எல்லோரும் எழுதிக்கொண்டீர்களா என்று கேட்டார். முந்தைய வாரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் நிலையில் அவ்வளவுதான் முடிந்திருக்கும் என்று விளங்கிக்கொள்கிறேன். ஆனால் முந்தைய வாரம் ஆமென் சொன்னவர்களில் இரண்டு பேர் அன்று வரவில்லை, அவர்களுக்கு அந்த வாசிப்பு போய்ச் சேரவே இல்லை.

சான்றிதழைப் பற்றி: அது அரசு அங்கீகாரம் பெற்றதன்று, பதவி உயர்வுக்கும் உதவாது; சேரும்போதே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் குறையாகக் கருதவில்லை. சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்குச் சட்டப் பகுதிகள் தெரிந்தவையாகவே இருக்கும். பட்டம் இல்லாமல் அனுபவத்தை வைத்தே இல்லங்களை ஓட்டிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும், கோப்புப் பயிற்சிக்காகவும் மூன்றாம் வாரத்துக்காகவும் மட்டுமே 4,500 ரூபாய் தகும். நான் திரும்பி வந்த மாதத்தில் எங்கள் ஜெபக்கடிதத்திலிருந்து முகங்களை எடுத்துவிட்டோம். ஆதரவாளர் ஒருவர் பணத்தை நிறுத்திவிட்டார், இருவர் காரணம் கேட்டு எழுதினார்கள், மற்றவர்கள் கவனிக்கவே இல்லை. மாலை ஜெபம் இப்போது தொலைபேசி நேரம் முடிந்த பிறகு.

அடுத்த அணி ஜூலையில் தொடங்குகிறது. எங்கள் இல்லத்து வார்டன் சேருகிறார், கட்டணத்தை இல்லமே கட்டுகிறது. ஒன்பதாம் சனிக்கிழமையில் கேட்பதற்கென்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: குற்றம் சாட்டப்படுகிறவர் அந்தக் கமிட்டியிலேயே உட்கார்ந்திருந்தால் யாரிடம் சொல்வது? பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.